ஐயம் வேறு, அவதூறு வேறு

நெய்வேலிக்கு அணித்தாக, முந்திரித் தோப்புகள் சூழ அமைந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். 2017 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உறவினர் வீட்டுக் காரியமொன்றை முன்னிட்டு நான்கு நாள்கள் அங்கே தங்கியிருந்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் தேநீர்க் கடைப் பலகையில் சென்று அமர்வது வழக்கமாயிற்று. அந்த நான்கு நாளும் அப்பலகையில் நடந்தவை இரண்டே பேச்சுகள்தாம். ஒன்று, சென்னை மருத்துவமனையில் செல்வி ஜெயலலிதாவுக்கு என்ன நேர்ந்தது என்பது. மற்றொன்று, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியிருந்த ஊசி. இரண்டும் வெவ்வேறு செய்திகள் என்றே நான் நினைத்திருந்தேன். முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அந்தம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே சொல்லாதவங்க, நம்ம புள்ளைக்குப் போடுற ஊசியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடுவாங்களா, பாய்?"

அன்று அவருக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இன்றும் அவ்வாக்கியத்தை முழுமையாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மறு பாதியோ நம் பிள்ளைகளுக்கே தீங்காய் முடிந்தது. அந்த நியாயம் எங்கே முடிந்து தீங்கு எங்கே தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

சதிக்கதை என்பது முதலில் ஒரு கதை. ஆகவே அதைக் கதை என்ற முறையில் விமரிசிப்பதில் தவறில்லை. துப்பறியும் புதினங்களை விரும்பிப் படித்தவர்கள் நம்மில் பலர். நல்ல துப்பறியும் கதையில் ஐயத்துக்குரியவர் பலர் இருப்பார். இறுதியில் ஒருவர் பிடிபடுவார். மற்றவர்மீது வைத்திருந்த ஐயம் நீங்கும். எவர்மீது கொண்ட ஐயமும் நீங்காதிருப்பது சதிக்கதையின் இலக்கணம். அதில் எவரும் மறதியால் தவறு செய்வதில்லை. எதுவும் தற்செயலாய் நிகழ்வதில்லை. சோம்பலும் அச்சமும் மூடத்தனமும் மனிதருக்கு இல்லவே இல்லை. சான்று கிடைத்தால் அது சதிக்குச் சான்று. கிடைக்காவிட்டால் சான்றை மறைத்தார்கள் என்பதற்குச் சான்று. பாத்திரப் படைப்பே இல்லாத அக்கதையை இலக்கியமென்று யாரும் கொண்டுவந்து தந்தால் நாம் திருப்பியனுப்பிவிடுவோம். அதுவே அரசியலென்று வரும்போது வீட்டுக்குள் அழைத்து உட்கார வைக்கிறோம்.

எனினும் கதை கேட்டவர்களை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 அன்று இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இடையே 75 நாள்கள். ஏழரைக் கோடி மக்களின் முதலமைச்சர் எந்நிலையிலிருக்கிறார் என்பதை அவ்வப்போது வெளிவந்த சில வரி அறிக்கைகளைக் கொண்டே நாடு ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு புகைப்படம் இல்லை. அக்டோபரில் அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டபோது, முதலமைச்சரின் ஆலோசனைப்படியே மாற்றியதாக ஆளுநர் மாளிகை கூறியது. அவர் இட்டிலி உண்டார் என்றும் பேசினார் என்றும் அமைச்சர்கள் வாசலில் நின்று சொன்னார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் அவர்களுள் ஒருவராகிய திண்டுக்கல் சீனிவாசன் மதுரைக் கூட்டத்தில், அப்படிச் சொன்னதெல்லாம் பொய் என்று கூறி மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். மருத்துவமனையின் கண்காணிப்புக் கேமராக்கள் அந்நாள்களில் இயங்கவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. இவ்வளவும் நடந்த பின் ஐயம் கொள்ளாதவன் குடிமகனே அல்லன்.

அந்த ஐயத்தை எடுத்துக்கொண்டு அரசியல் என்ன செய்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 7 இரவு பன்னீர்செல்வம் கடற்கரையில் ஜெயலலிதாவின் நினைவிடத்தில் அமர்ந்து தியானம் செய்து எழுந்தார். தம்மை வற்புறுத்திப் பதவி விலகச் செய்ததாகக் கூறினார்; பிறகு, மரணத்தைப் பற்றி விசாரணை வேண்டுமென்ற கோரிக்கையே அவரது அணியின் கொடியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. அவர் துணை முதலமைச்சரானார். இணைப்பின் விலைகளுள் ஒன்றாக நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் செப்டம்பரில் அமைந்தது. விசாரணை கேட்டவரை அந்த ஆணையமே பலமுறை அழைத்தும், அவர் வந்து சாட்சி சொன்னது 2022 மார்ச்சில். தமக்குத் தனிப்பட்ட முறையில் ஐயமில்லை, மக்களுக்கு இருந்த ஐயத்தைப் போக்கவே விசாரணை கேட்டேன் என்ற பொருள்பட அங்கே அவர் சொன்னார். ஐந்தாண்டுகள் தமிழகத்தை ஆட்டிவைத்த ஒரு சந்தேகம், அதைத் தோளில் சுமந்து வந்தவருக்கே சொந்தமில்லை என்றாயிற்று.

அவரை மட்டும் சொல்வது ஓரவஞ்சனை. 2017 டிசம்பர் 21 அன்று இராதாகிருஷ்ணன் நகரில் இடைத்தேர்தல். அதற்கு முதல் நாள், மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா பானம் அருந்தும் காட்சியைத் தினகரன் தரப்பைச் சேர்ந்த வெற்றிவேல் வெளியிட்டார். ஓராண்டாக நாடு கேட்டுக்கொண்டிருந்த காட்சி வாக்குப்பதிவின் முன்னாளில் வெளிவந்தது. தினகரன் 40,707 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 2021 பொதுத் தேர்தலில் தி.மு.கழகமும் அம்மரணத்தின் மர்மத்தை வெளிக்கொணர்வதாக வாக்களித்தது. ஐயம் ஒரு கட்சியின் உடைமையாக இல்லை, கைமாறிக்கொண்டே இருந்தது.

இனி அந்த அறிக்கை. மூன்று மாதத் தவணையில் தொடங்கி, மேலும் மேலும் நீட்டிக்கப்பெற்று, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்து 2022 ஆகஸ்டில் அளிக்கப்பட்டது. பக்கங்கள் ஏறத்தாழ 600. அதே ஆகஸ்டில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த எய்ம்ஸ் மருத்துவர் குழு, அளிக்கப்பட்ட சிகிச்சை முறையானதே, பிழை இல்லை என்று கருத்துரைத்தது. ஆணையமோ இருதய நோய்க்குரிய பரிசோதனை ஏன் செய்யப்படவில்லை என்று கேட்டது; இறந்த நேரம் டிசம்பர் 5 இரவு 11.30 அன்று, 4 ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 3.50க்கும் இடையே என்று சாட்சியங்களைக் கொண்டு கருதியது. சசிகலா, மருத்துவர் சிவகுமார், அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கர், துறைச் செயலாளர் இராதாகிருஷ்ணன் ஆகியோர்மீது விசாரணை வேண்டுமென்று பரிந்துரைத்தது. சசிகலா குற்றச்சாட்டுகளை மறுத்தார். எந்த விசாரணைக்கும் தயார் என்றார். நீதிமன்றம் எதுவும் இதில் எவரையும் குற்றவாளியெனத் தீர்க்கவில்லை.

அறிக்கையின் குறை அதன் கடுமையன்று. மருத்துவர் விடை சொல்லக்கூடிய கேள்வியையும், அரசியற்சட்டம் விடை சொல்ல வேண்டிய கேள்வியையும் அது ஒரே கயிற்றில் கட்டிவிட்டது என்பதே என் துணிபு. அவருக்கு எந்தச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பது மருத்துவர் கேள்வி. மாநிலத்தை அந்த 75 நாளும் யார் ஆண்டார், ஒரு முதலமைச்சர் நினைவிழந்தால் அதை யாரிடம், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அறிவிக்காதவருக்கு என்ன தண்டனை என்பது நம்முடைய கேள்வி. யார் கொன்றார் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்ததால் யார் ஆண்டார் என்று கேட்க ஆளில்லாது போயிற்று. நாளை இன்னொரு முதலமைச்சர் நோயுற்றால் அதே மூடிய கதவுதான். அதைத் திறக்க அந்த 600 பக்கங்களால் ஒரு விதியும் பிறக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். அவ்வறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் 2022 அக்டோபர் 18. அதே நாளில் அதே மன்றத்தில் வேறோர் அறிக்கையும் வைக்கப்பட்டது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல் துறையினர் சுட்டதில் 13 பேர் மாண்டதைப் பற்றிய நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அது. காவலர் வரம்பு மீறினர் என்று கண்டு, 17 காவல் துறையினர்மீது நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. அந்த வாரம் நான் உரையாடியவர்களில் முதல் அறிக்கையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. இரண்டாவதைக் குறிப்பிட்டவர் இருவர். மர்மம் உள்ள ஒரு சாவுக்கு முன்னால் மர்மமே இல்லாத பதின்மூன்று சாவுகள் சுவையற்றுப் போயின.

ஐயம் கொள்வதையே குற்றமென்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடலாகாது. அதே நாள்களின் ஐயம் ஒன்று நேர்வழியில் சென்று சேர்ந்ததையும் நாம் கண்டோம். 2016 நவம்பரில் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல். அ.தி.மு.க. வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் படிவங்களில் ஜெயலலிதாவின் கையொப்பம் இல்லை. பெருவிரல் ரேகை இருந்தது. தோற்ற வேட்பாளர் கடற்கரைக்குப் போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 2019 மார்ச்சில் அவ்வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. எந்தத் தாள், எந்த ரேகை, எந்த அதிகாரி ஏற்றார் என்று கேட்ட கேள்விக்கு அந்த அளவில் விடை கிடைத்தது.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இதற்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலொழியச் சுரங்கம் வெட்ட இயலாது. 1961 முதல் அந்த நீர் இறைக்கப்பட்டு வருகிறது. சுற்றுவட்டாரத்து உழவன், "என் கிணறு ஏன் தாழ்ந்தது?" என்று கேட்டால் அது சதிக்கதை ஆகாது. அளவுகோலை இறக்கி அளந்து பார்த்து விடை கூறத்தக்க கேள்வி அது. அவனையும் சதிக்கதை பேசுபவனோடு சேர்த்து, "யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்று அதிகாரத்திலிருப்போர் சொல்வார்களானால், சதிக்கதை பேசுகிறவர்கள் அவர்கள்தாம். தூத்துக்குடியிலும் முதலில் கேட்டது அந்தக் குரலே: சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டனர் என்றார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். இது நம் வீட்டுக் கதையாதலால் சற்று நின்று பேச வேண்டும்.

தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் 2017 பிப்ரவரி 6 அன்று தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை ஒன்றே முக்கால் கோடிப் பேருக்குப் போடுவது திட்டம். கடற்கரைத் தியானம் அதற்கு மறுநாள். மருத்துவமனையைப் பற்றிய ஐயம் உச்சத்தில் கொதித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அதே அரசாங்கத்தின் சுகாதாரத் துறை தாய்மாரிடம் வந்து, "எங்களை நம்புங்கள்" என்று கேட்டது. அந்நேரம் கைப்பேசிகளில், அந்த ஊசி பிள்ளைகளை மலடாக்கும், அந்நிய நாட்டார் நம் இனத்தைக் குறைக்கச் செய்த சூழ்ச்சி என்ற குரல்கள் ஓடின. பல பள்ளிகளில் பெற்றோர் மறுத்தனர். கெடு நீட்டிக்கப்பட்டது. மறுத்தவர் எல்லாச் சமயத்தினரிலும் உண்டு; ஆனால் நம்மவர் சிறுபான்மையினர் என்ற அச்சத்தில் அக்கதை இன்னும் ஆழமாய் வேர் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமென்ன?

நான் தங்கியிருந்த வீட்டுக்கு நர்ஸம்மா வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாய் விளக்கினார்: கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கண்ணில் புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு நேரலாம் என்று. வீட்டுத் தலைவர், "எங்க ஆளுங்க வேணாங்குறாங்கம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். பின்பு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க படிச்சவங்க மாமா, நீங்க சொல்லுங்க" என்றார். "பொறுத்துப் பார்ப்போமே" என்றேன் நான். நர்ஸம்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வாண்டு அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் ஊசி போடவில்லை.

பொய் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஊரோடு ஒட்டி நிற்பதில் உள்ள சுகம் என் நாவைக் கட்டிற்று. செய்தி கொண்டு வருபவனை விசாரித்துக்கொள்ளச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் விளக்கத்தை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை செவிமடுத்தவன் நான். அன்னை ஆயிஷா நாயகி அவர்கள்மீது மதீனாவில் அவதூறு உலவிய நாள்களின் வரலாற்றை அறியாத முஸ்லிம் வீடு உண்டா? அதைச் சொல்லிப் பரப்பியவர் சிலர். கேட்டுக்கொண்டு வாளாவிருந்தவர் பலர். அந்தப் பலருள் ஒருவனாக நான் அத்திண்ணையில் அமர்ந்திருந்தேன்.

நம்மைப் பற்றி மற்றவர் சொல்லும் கதைகளில் இந்தச் சமுதாயம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1981 பிப்ரவரி 19 அன்று நெல்லைச் சீமை மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். காரணம் கேட்கப் போனவர்களிடம் அம்மக்கள் தீண்டாமையையும் காவலர் கொடுமையையும் எடுத்துச் சொன்னார்கள். நாடு பேசியதோ வளைகுடாப் பணத்தை. ஒரு கிராமத்தின் தேநீர்க் குவளையைப் பற்றிய கேள்வியை அந்நியச் சதியென்ற கதை விழுங்கிற்று. அதை மேடைதோறும் சொன்னவர்கள் வளர்ந்தார்கள். 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுதீன் கூட்டத்துக்குச் சென்று வந்தோர் நோயைப் பரப்பச் சதி செய்ததாக நாடெங்கும் பேசப்பட்டது. நம் தெருவில் காய்கறி விற்றவரைப் பெயர் கேட்டுத் திருப்பியனுப்பிய காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற பொருள்பட எழுதி வழக்குகளைத் தள்ளிற்று. தீர்ப்பைப் படித்தவர் எத்தனை பேர்? கதையைக் கேட்டவரோ கோடிக்கணக்கினர்.

ஆயினும் என்னை உலுக்கியது பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததே. முத்தாண்டிக்குப்பத்துத் திண்ணையில் நான் வாய் மூடியிருந்து சரியாக ஓராண்டு. 2018 பிப்ரவரி 26 இரவு. இலங்கையில் அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறதென்று கூட்டம் கூடியது. கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக்கட்டி. ஓர் ஆளை அப்படி மலடாக்கிவிடும் மாத்திரை உலகத்தில் இல்லையென்று மருத்துவ அறிஞர் சொன்னார்கள். அதற்குள் பத்து நாளில் கண்டி மாவட்டத்துத் திகன எரிந்து, நாடெங்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தைவிடப் பெரிதாய் இருந்தது வெட்கம். ஊசியைப் பற்றி நம் வீட்டில் சொன்ன கதையும் இதுவே. பாத்திரங்களின் பெயர் மட்டுமே வேறு.

அக்கதை அங்கே ஓயவில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் கொடுமைக்குப் பின், மே மாதம் குருநாகல் மருத்துவமனையின் மருத்துவர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை அறியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்று சிங்கள நாளேடு தலைப்பிட்டது. குற்றப் புலனாய்வுத் துறை, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் வந்தார். நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல். அச்சத்தின் நடுவே பாதுகாப்பை வாக்களித்து நின்ற கோத்தபாய ராஜபக்ச 52 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். அத்தேர்தலில் கேட்டிருக்க வேண்டியது கருவூலத்தைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்க ஓய்விருந்தவர் சிலரே. 2022 இல் கருவூலம் வறண்டது. எரிபொருளுக்கு மக்கள் நாள் முழுவதும் நின்றார்கள். மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. ஜூலையில் அத்தலைவர் நாட்டைவிட்டே வெளியேறினார்.

அவ்வாண்டில்தான் மருத்துவர் ஷாபிக்கு, பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட காலத்துக்குரிய நிலுவைச் சம்பளம் வழங்கப்பட்டது: 26 இலட்சம் ரூபாய்க்கும் மேல். அவர் அத்தொகை முழுவதையும், மருத்துவமனைகளுக்கு அவசர மருந்து வாங்குமாறு சொல்லிச் சுகாதார அமைச்சிடமே திருப்பிக் கொடுத்தார்.